ரெண்டு ராம் போட்டாச்சு, ரெண்டு சேனலும் ஓடுகிறதா?

அக்கா பையனின் கணினியில் ரைசன் 5 5600ஜி ப்ராசஸர், 16 ஜிபி ராம். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகா கிராபிக்ஸ்தான். கேமில் கொஞ்சம் நெரிசலான காட்சி வந்தால் படம் திக்கித் திக்கி நகர்கிறது என்பது அவன் புகார். விண்டோஸைப் புதிதாகப் போட்டுப் பார்த்துவிட்டான், டிரைவரை மாற்றிப் பார்த்துவிட்டான், சூடு ஏறுகிறதா என்றும் கவனித்துவிட்டான். ராம் எப்படி என்று கேட்டேன். டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டினான். 16 ஜிபி, 4 ஸ்லாட்டில் 2 பயன்பாட்டில் இருக்கிறது என்றது அது. "பதினாறும் முழுசா வருதே மாமா, ரெண்டு ஸ்டிக் இருக்கு, அப்போ டூயல் சேனல்தானே?"

அந்தக் கேள்விக்கு டாஸ்க் மேனேஜரிடம் பதில் கிடையாது. எத்தனை ஸ்லாட்டில் ஸ்டிக் இருக்கிறது என்று அது சொல்லும். அவை எந்தெந்த சேனலில், அதாவது ராமுக்கும் ப்ராசஸருக்கும் இடையே தரவு ஓடும் எந்தெந்தப் பாதையில், உட்கார்ந்திருக்கின்றன என்று சொல்லாது. சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை இறக்கி, மெமரி பக்கத்தில் சேனல் என்ற கட்டத்தைப் பார்த்தோம். 1 × 64 பிட். அதாவது சிங்கிள் சேனல்.

பக்கவாட்டு மூடியைக் கழற்றியதும் காரணம் தெரிந்துவிட்டது. ப்ராசஸரை ஒட்டிய முதல் இரண்டு ஸ்லாட்டுகளிலும் ஸ்டிக்குகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றன. அசெம்பிள் செய்து கொடுத்தவர் கைக்கு எட்டிய இடத்தில் செருகிவிட்டிருக்கிறார். பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. கணினி ஆன் ஆகிறது, 16 ஜிபியும் தெரிகிறது, எந்த எச்சரிக்கையும் வருவதில்லை. இந்தக் கோளாறு இவ்வளவு பரவலாக இருந்தும் பலர் கண்ணில் படாமல் போவதற்கு இதுதான் காரணம். எதுவும் கெட்டுப்போவதில்லை, அதனால் யாரும் தேடுவதில்லை.

கணக்கைப் பார்த்தால் எவ்வளவு இழப்பு என்று புரியும். ஒரு சேனலின் அகலம் 64 பிட், அதாவது 8 பைட். டிடிஆர்4 3200 ராம் என்றால் நொடிக்கு 320 கோடி முறை தரவைப் பரிமாறும். எட்டால் பெருக்கினால் நொடிக்கு 25.6 ஜிபி. இரண்டு சேனல்களும் ஒரே நேரத்தில் வேலை செய்தால் அகலம் 128 பிட், உச்ச வேகம் 51.2 ஜிபி. ஒரே சேனலில் இரண்டு ஸ்டிக்குகளை நிறுத்தினால் கொள்ளளவு மட்டும்தான் கூடும். கம்பிகள் அதே 64 பிட்டுக்கான கம்பிகள்தான். இரண்டு ஸ்டிக்குகளும் அதை மாறி மாறிப் பயன்படுத்த வேண்டும்.

தனி கிராபிக்ஸ் கார்டில் அதற்கென்று சொந்தமாக வேகமான நினைவகம் இருக்கும். ப்ராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்கு அது கிடையாது. படம் வரைவதற்குத் தேவையானதெல்லாம் இதே ராமில்தான் வந்து போகிறது, ப்ராசஸரின் சொந்த வேலைகளோடு போட்டி போட்டுக்கொண்டு. ஆகவே அக்கா பையனுடையது போன்ற கணினியில் ஒரு சேனல் சும்மா கிடப்பது, கிராபிக்ஸின் கழுத்தைப் பிடித்து நெரிப்பதற்குச் சமம்.

சரி, எந்த ஸ்லாட்டில் போடுவது? நான்கு ஸ்லாட் உள்ள பெரும்பாலான மதர்போர்டுகளில், ப்ராசஸர் பக்கத்திலிருந்து எண்ணினால் ஏ1, ஏ2, பி1, பி2 என்ற வரிசை இருக்கும். இரண்டு ஸ்டிக் மட்டும் இருந்தால் ஏ2, பி2, அதாவது இரண்டாவதும் நான்காவதும். முதலாவதும் மூன்றாவதும் போட்டாலும் இரண்டு சேனல் வந்துவிடுமே என்று கேட்கலாம். வரும். ஆனால் இப்போதைய போர்டுகள் பலவற்றில் ஒரு சேனலின் கம்பி முதல் ஸ்லாட்டைத் தொட்டுவிட்டு இரண்டாவதில் போய் முடிகிறது. கடைசி ஸ்லாட் காலியாக இருந்தால் சிக்னல் அந்த மொட்டை நுனியில் மோதித் திரும்பி வந்து தொல்லை கொடுக்கும். வேகம் கூடக் கூட அந்தத் தொல்லையும் கூடும். அதனால்தான் கம்பி முடியும் இடத்தில் ஸ்டிக்கை வைக்கச் சொல்கிறார்கள். ஸ்லாட்டின் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே நிறம் என்றால் ஜோடி என்பது பல போர்டுகளில் உண்மை, எல்லாவற்றிலும் அல்ல. சில போர்டுகளில் நான்குமே கறுப்பு. போர்டின் கையேட்டில் ராம் பற்றி ஒரு பக்கம் கட்டாயம் இருக்கும். புத்தகம் தொலைந்திருந்தால் போர்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் அதே கையேடு கிடைக்கும். பல போர்டுகளில் ஸ்லாட்டின் ஓரத்திலேயே பொடி எழுத்தில் பெயர் அச்சிட்டிருப்பார்கள், டார்ச் அடித்தால் தெரியும்.

மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தி மிச்சம் மீதி மின்சாரத்தை வடியவிட்டு, கேபினட்டின் உலோகத்தைத் தொட்டுவிட்டு ஸ்டிக்குகளை இடம் மாற்றினோம். ஸ்டிக்கின் இரண்டு முனைகளும் முழுவதுமாக இறங்க வேண்டும். சில போர்டுகளில் ஒரு பக்கம் மட்டுமே கொக்கி இருக்கும்; கொக்கி இல்லாத பக்கம் அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நின்றாலும் அந்த ஸ்டிக் இல்லாதது மாதிரிதான்.

மறுபடி ஆன் செய்தபோது சிபியு-இசட்டில் 2 × 64 பிட் என்று வந்தது. அத்தோடு விட எனக்கு மனமில்லை. மென்பொருள் காட்டுவது ஒரு தகவல்தானே, உண்மையிலேயே அவ்வளவு தரவு ஓடுகிறதா என்று அளந்து பார்த்துவிடலாம் என்று, இடம் மாற்றுவதற்கு முன்பே எய்டா64 என்ற மென்பொருளின் மெமரி சோதனையை ஓட்டிக் குறித்து வைத்திருந்தேன். அப்போது ரீட் வேகம் 23 ஜிபியை ஒட்டி நின்றது. இப்போது 45ஐத் தாண்டியது. ஸ்டிக்குகள் அதே ஸ்டிக்குகள், அமைப்புகளில் கை வைக்கவில்லை, இடம் மட்டும்தான் மாறியது. கேமில் அந்தத் திக்கலும் பெருமளவு போய்விட்டது.

அளந்து பார்ப்பதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஒரு சேனலின் உச்ச வரம்பு கணக்குப்படி நமக்குத் தெரியும். 3200 வேகத்தில் அது 25.6. அளவு அதைத் தாண்டிவிட்டால், ஒரே சேனலில் அது நடக்க வழியே இல்லை. இரண்டும் ஓடுகின்றன என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். எந்த மென்பொருளின் பெயர்ப்பலகையையும் நம்பத் தேவையில்லை. காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. விண்டோஸுக்குள்ளேயே வின்சாட் என்றொரு கருவி இருக்கிறது. கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மின் உரிமையோடு திறந்து அதை மெமரி சோதனைக்கு ஓட்டினால் நொடிக்கு எத்தனை எம்பி என்று சொல்லிவிடும். லினக்ஸில் ஸ்ட்ரீம் என்ற பழைய சோதனை நிரல் இன்றும் நன்றாக வேலை செய்கிறது. ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு எண்ணைக் காட்டும், ஆகவே முன்னும் பின்னும் ஒரே கருவியால் அளக்க வேண்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. எய்டா ரீட், ரைட், காப்பி என்று மூன்று எண்களைத் தரும். பார்க்க வேண்டியது ரீட். ரைசன் 5 3600 போன்ற, ஒரே ஒரு கோர் சிப்லெட் (கோர்கள் இருக்கும் சிறு சில்லு) உள்ள ரைசன்களில் எழுதும் பாதை படிக்கும் பாதையில் பாதி அகலம்தான். 3200 வேக ராமில், இரண்டு சேனலும் ஒழுங்காக ஓடும்போதே, ரைட் வேகம் 25.6 ஜிபிக்கு மேல் போகாது. ஒரு சேனலின் வரம்பும் அதே 25.6! நண்பர் ஒருவர் இந்த எண்ணைப் பார்த்துவிட்டு ராமைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி அலுத்துப்போய் என்னிடம் வந்தார். ரீட் எண்ணைப் பார்த்ததும் விஷயம் முடிந்தது. அவர் கணினியில் கோளாறே இல்லை.

டிடிஆர்5 வந்த பிறகு சிபியு-இசட் எண்களைப் படிப்பதிலும் குழப்பம் வந்துவிட்டது. டிடிஆர்5 ஸ்டிக் ஒவ்வொன்றும் உள்ளுக்குள் 32 பிட் அகலமுள்ள இரண்டு துணைச் சேனல்களாகப் பிரிந்திருக்கும். ஒற்றை ஸ்டிக் போட்டாலே 2 × 32 பிட் என்று வரும். இரண்டு என்ற எண்ணைப் பார்த்ததும் டூயல் என்று மகிழ்ந்துவிடுகிறார்கள். பெருக்கிப் பாருங்கள்: 64 பிட்தான். நாம் பேசும் டூயல் சேனல் என்றால் 4 × 32 பிட், மொத்தம் 128 வர வேண்டும். எல்பிடிடிஆர் வகை ராம் சாலிடர் செய்த மெல்லிய லேப்டாப்களில் ஒரு சேனலே 16 அல்லது 32 பிட்டாக இருக்கும், எனவே நான்கு, எட்டு என்றெல்லாம் எண் தெரியும். அங்கேயும் பெருக்கல்தான் வழி.

எச்டபிள்யூ-இன்ஃபோ என்ற மென்பொருள் இந்த விஷயத்தில் கொஞ்சம் தெளிவு. ப்ராசஸர் எத்தனை சேனல்களுக்கு இடம் தருகிறது, இப்போது எத்தனை இயங்குகின்றன என்று இரண்டையும் தனித்தனி வரியில் சொல்லும். கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும் பயாஸுக்குள் போனாலும் எந்த ஸ்லாட்டில் என்ன இருக்கிறது என்று தெரியும். லினக்ஸ்காரர்கள் டிஎம்ஐடிகோட் கட்டளையை ரூட் உரிமையோடு ஓட்டி, மெமரி பகுதியில் லொக்கேட்டர், பேங்க் லொக்கேட்டர் என்ற இரண்டு வரிகளைப் பார்க்கலாம். ஒரு ஸ்டிக் சேனல் ஏ, இன்னொன்று சேனல் பி என்றிருந்தால் நல்லது. இரண்டுமே ஏ என்றால் மூடியைக் கழற்ற வேண்டியதுதான். ஆனால் இந்தப் பெயர்கள் பயாஸை எழுதியவர்கள் வைத்தவை. அலட்சியமாக எழுதிய பயாஸில் எல்லா ஸ்லாட்டுக்கும் ஒரே பெயரைக் கூடப் பார்த்திருக்கிறேன். அதனால் இதைத் துப்பாக எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக அல்ல.

லேப்டாப்பில் ஒரு வேடிக்கையான அடையாளம் உண்டு. இன்டெல் 11-ஆம் தலைமுறை கோர் ஐ5, ஐ7 ப்ராசஸர்கள் பலவற்றில் ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ் இருக்கும். அந்தப் பெயரைப் பயன்படுத்த 128 பிட், அதாவது டூயல் சேனல் ராம் வேண்டும் என்பது இன்டெல் வைத்திருக்கும் நிபந்தனை. ஒற்றை ஸ்டிக்கோடு விற்கும் லேப்டாப்பில் அதே சிப் டிவைஸ் மேனேஜரில் யுஎச்டி கிராபிக்ஸ் என்றுதான் தெரியும். என் உறவினர் ஒருவர் லேப்டாப் வாங்கிவிட்டு, ஐரிஸ் என்று எழுதியிருந்தது, உள்ளே யுஎச்டி என்று காட்டுகிறது, ஏமாற்றிவிட்டார்கள் என்று புலம்பினார். காலியாக இருந்த ஸ்லாட்டில் இன்னொரு 8 ஜிபி ஸ்டிக்கைப் போட்டு ஆன் செய்தோம். பெயர் தானாக ஐரிஸ் எக்ஸ்இ ஆகிவிட்டது. பின்னால் வந்த கோர் அல்ட்ரா எச் வரிசையின் ஆர்க் கிராபிக்ஸுக்கும் இதே மாதிரி நிபந்தனை: குறைந்தது 16 ஜிபி, அதுவும் டூயல் சேனலில்.

சில லேப்டாப்களில் 4 ஜிபியை போர்டிலேயே சாலிடர் செய்துவிட்டு ஒரு ஸ்லாட்டைக் காலியாக விட்டிருப்பார்கள். அதில் 8 ஜிபி போட்டால் என்ன ஆகும்? பொருந்தாது, டூயல் வராது என்று சிலர் சொல்வார்கள். வரும், பாதி வழிக்கு. சாலிடர் செய்த 4 ஜிபியும் புதிய ஸ்டிக்கின் 4 ஜிபியும் ஜோடி சேர்ந்து 8 ஜிபி வரை இரண்டு சேனலில் ஓடும். மிச்சமுள்ள 4 ஜிபி ஒற்றைச் சேனலில். இன்டெல் இதற்கு ஃப்ளெக்ஸ் மெமரி என்று பெயர் வைத்திருக்கிறது. சிபியு-இசட் இதையும் டூயல் போலவே காட்டக்கூடும். என் அபிப்பிராயம்: சமமான அளவு கிடைத்தால் அதுவே நல்லது, ஆனால் நிறைய நினைவகம் தேவைப்படும் வேலை என்றால் சமம் பார்த்து 4 ஜிபி போட்டு 8-இல் நின்றுவிடுவதைவிட, சமமில்லாத 12 ஜிபி எவ்வளவோ மேல். இடம் போதாமல் டிஸ்க்கை உருட்ட ஆரம்பித்தால் எந்த சேனலும் காப்பாற்றாது.

இதுவரை சொன்னவை எல்லாம் ஸ்டிக்கை வைத்த இடத்தைப் பற்றி. சரியான ஸ்லாட்டில் போட்டும் ஒரு சேனல் வராமல் போவது வேறு கதை. பழைய கணினி ஒன்றில் இப்படிப் பார்த்தேன். ஏ2-விலும் பி2-விலும் 8 ஜிபி ஸ்டிக்குகள், விண்டோஸில் 16 ஜிபி பொருத்தப்பட்டிருக்கிறது, 8 ஜிபி மட்டுமே பயன்படுத்தலாம் என்று வருகிறது. ஸ்டிக்குகளை ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டோம், அதே நிலைமை. ஒவ்வொரு ஸ்டிக்கையும் ஏ2-வில் தனியாகப் போட்டால் இரண்டுமே ஓடுகின்றன. பி2-வில் தனியாகப் போட்டால் எதுவும் ஓடவில்லை. ஆக, ஸ்டிக்கின் மேல் பழி இல்லை. பி சேனல்தான் செத்திருக்கிறது.

அங்கே பலர் போர்டைத் தூக்கி எறியும் முடிவுக்கு வந்துவிடுவார்கள். ஆனால் ராமை நிர்வகிக்கும் கன்ட்ரோலர் பல ஆண்டுகளாகவே ப்ராசஸருக்குள் இருக்கிறது. ஏஎம்டி 2003-இல் அத்லான் 64-உடன் அதை உள்ளே கொண்டுபோனது, இன்டெல் 2008-இல் முதல் கோர் ஐ7-உடன். ஆகவே ராம் ஸ்லாட்டிலிருந்து வரும் கம்பிகள் ப்ராசஸர் சாக்கெட்டின் ஊசிகள் வழியாகத்தான் போகின்றன. அந்த ஊசிகளில் ஒன்று வளைந்தால், அல்லது கூலரின் திருகுகளை ஒரு பக்கம் மட்டும் இறுக்கி ப்ராசஸர் சற்றே சாய்ந்திருந்தால், ஒரு சேனல் முழுக்கவே காணாமல் போகலாம். இந்தக் கணினியில் அதுதான் நடந்திருந்தது. கூலரைக் கழற்றி, ப்ராசஸரை எடுத்து, ஊசிகள் நேராக இருப்பதை லென்ஸ் வைத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டு, திரும்ப வைத்து, எதிரெதிர் மூலைகளாகத் திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். பி சேனல் உயிர்த்தெழுந்தது. ஊசி வளைந்திருந்தால் அதை நிமிர்த்துவது கை நடுங்காதவர்கள் செய்ய வேண்டிய வேலை. நான் செய்ய மாட்டேன்.

சேனல் சரியானதும் எல்லாம் முடிந்தது என்று மூடியைப் போட்டுவிடுவதற்கு முன் வேகத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அது வேறு விஷயம், ஆனால் இதே பக்கத்தில்தான் தெரியும். 3200 என்று அட்டையில் எழுதியிருக்கும் டிடிஆர்4 ஸ்டிக்குகள் பலவும் பயாஸில் எக்ஸ்எம்பி என்ற, அட்டையில் உள்ள வேகத்தைக் கொண்டுவரும் அமைப்பை இயக்கும் வரை 2133 அல்லது 2400-இல்தான் ஓடும். டிடிஆர்5-இல் ஏஎம்டி போர்டுகளுக்கு இதன் பெயர் எக்ஸ்போ. 2133-இல் இரண்டு சேனலும் சேர்ந்து 34 ஜிபிதான் தரும். சிபியு-இசட்டில் டிராம் ஃப்ரீக்வன்சி 1600 என்று வந்தால் பதற வேண்டாம். ஒரு துடிப்புக்கு இரண்டு பரிமாற்றம் என்பதால் அதை இரண்டால் பெருக்க வேண்டும், அதுதான் 3200.

நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் குவாட் சேனல் ஆகிவிடும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. ஆகாது. சேனல் எண்ணிக்கையை முடிவு செய்வது ப்ராசஸர்; வழக்கமான மேசைக் கணினி ப்ராசஸர்களில் அது இரண்டு. டிடிஆர்5-இல் நான்கு ஸ்டிக்குகள் போடுவது சில சமயம் நஷ்டமாகவே முடியும். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி தரும் அதிகாரபூர்வ வேகம் இரண்டு ஸ்டிக் என்றால் 5200, நான்கு என்றால் 3600. நொடிக்கு 83 ஜிபி இருந்த இடத்தில் 58 கூட இல்லை. அதிக நினைவகம் வேண்டுமென்றால் பெரிய ஸ்டிக் இரண்டாக வாங்குவது நல்லது. டிடிஆர்5 போர்டுகளில் ராமை மாற்றியபின் முதல் முறை ஆன் செய்யும்போது திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கலாம். போர்டு ராமோடு பேசிப் பழகிக்கொண்டிருக்கிறது. நடுவில் பவரை அணைத்தால் அது மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

இதெல்லாம் எல்லோருக்கும் அவசியமா என்றால், இல்லை. மின்னஞ்சல், பிரவுசர், எழுத்து வேலை செய்பவருக்கு சிங்கிளுக்கும் டூயலுக்கும் வேறுபாடு தெரியாது. தனி கிராபிக்ஸ் கார்டு உள்ளவர்களுக்கு சில கேம்களில் தெரியும், சிலவற்றில் தெரியாது. ப்ராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸை நம்பி கேம் ஆடுபவர்களும் வீடியோ வெட்டி ஒட்டுபவர்களும்தான் முதலில் பார்க்க வேண்டியவர்கள். இரண்டாவது ஸ்டிக் வாங்குமுன், ப்ராசஸரின் பெயரைத் தேடி அது எத்தனை சேனல் தாங்கும் என்றும் பார்த்துவிடுங்கள். சின்னஞ்சிறு கணினிகளில் வரும் இன்டெல் என்100-க்கு உள்ளதே ஒரு சேனல்தான். அதில் ராம் கூட்டினால் இடம் கூடும், அகலம் கூடாது.